கோட்டு பெங்களூரிலேயே இருக்கட்டும்

மாப்ள,

உன் கடிதம் கிடைச்சது. முட்டி வலியோடயும் நடைப்பயிற்சியை விடலைங்கிறதே பெரிய சங்கதி. இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு, டிவிக்குக் கீழே ஓடுற எழுத்தையெல்லாம் சத்தமா வாசிச்சுக் காட்டுறாங்க.

தாடிக்காரன் மகள் கல்யாணத்துக்குக் கோட்டு எடுத்துட்டு வரவான்னு கேட்டிருக்க. வேண்டாம்டா. வைகாசி முதல் வாரம் முகூர்த்தம், அக்னி நட்சத்திரமே முடிஞ்சிருக்காது. மதுரை வெயிலை மறந்துட்டியா? ஏ.சி. மண்டபம்னு பத்திரிகையில போட்டிருக்கான், சரி. பந்தி கீழ்த்தளத்துல, அங்க ஃபேன்தான். கோட்டு போட்டுக்கிட்டு ரசம் சாப்பிடுறவனைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்காது.

காலையில வேட்டி. எட்டு முழமா எடு. நாலு முழம் ஒத்தைத் துணி, வெளிச்சத்துல நின்னா உள்ளே தெரியும். எட்டு முழத்தை ரெண்டா மடிச்சுக் கட்டுறதால அந்தக் கவலை இல்லை. கரை ஒரு விரற்கடை போதும், அகலச் சரிகையை மாப்பிள்ளைக்கு விட்டுடு. கஞ்சி லேசா இருக்கட்டும், மொடமொடப்பா இருந்தா காத்து புகாது. இடுப்புல நிக்காதுன்னு பயமா இருந்தா ஒட்டிக்கோ வேட்டியே வாங்கு, எவனும் சட்டையைத் தூக்கிப் பார்க்கப் போறதில்லை. 2014-ல சென்னையில ஒரு கிளப்புல வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியையே உள்ளே விடலை, ஞாபகமிருக்கா? அந்த வருஷமே சட்டசபையில அதுக்கு ஒரு சட்டம் வந்துடுச்சு. வேட்டிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, உன் கோட்டுக்கு இல்லை.

சாயந்திரம் ரிசப்ஷனுக்கு லினன் சட்டை, பருத்தி பேன்ட். லினன் வேர்வையை உறிஞ்சிச் சீக்கிரம் காய்ஞ்சுடும். கசங்கும்தான். எத்தனை இஸ்திரி போட்டாலும் கார்ல ஏறி இறங்குறதுக்குள்ள சுருக்கம் விழுந்துடும். விழட்டும், அதுதான் அந்தத் துணிக்கு அழகு. கசங்கவே கசங்காதுன்னு கடைக்காரன் எதையாவது நீட்டினா லேபிளைப் பாரு, பாலியஸ்டர் கலந்திருக்கும். முதுகோட ஒட்டிக்கும். நிறத்துல சாம்பலும் வெளிர் நீலமும் வேண்டாம், அக்குள் ஈரத்தை ஊருக்கே சொல்லிடும். வெள்ளை, இல்லன்னா கருநீலம். வெள்ளை எடுத்தா உள்ளே வெள்ளை பனியன் போடாத, பட்டை அப்பட்டமா தெரியும், தோல் நிறத்துல ஒண்ணு வாங்கிக்க. கீழ்ஓரம் நேரா வெட்டின சட்டையா இருந்தா இன் பண்ணவே தேவையில்லை. நம்ம வயித்துக்கும் அதுதான் மரியாதை.

காலுக்குத் தோல் செருப்பு போதும். மேடை ஏறுறப்ப கழட்டணும், லேஸ் ஷூவோட குனிஞ்சு மல்லுக்கட்ட உன் முட்டி தாங்காது.

மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல நாம சுத்தித் திரிஞ்ச புதுமண்டபத்துல இப்ப தையல் கடைங்க இல்லை, குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிட்டாங்க. என் தையல்காரர் எங்க தெருவுலயே இருக்கார். துணியை நனைச்சுக் காயப்போட்டுக் கொடுத்தாத்தான் தைப்பார், இல்லாட்டி முதல் துவையல்லயே லினன் சுருங்கிடும்பார். அதனால அளவு சீக்கிரம் வரணும். மார்பு, தோள், வயிறு மூணையும் எழுதி அனுப்பு. வயித்தை மட்டும் உன் வீட்டம்மா அளக்கட்டும், உன்னை நம்ப முடியாது.

உன்,
குண்டன்