கோபமில்லை கண்ணு

அன்புள்ள கண்ணு,

இந்தக் கடிதத்தில் எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். பேனா மேல் குற்றமில்லை. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் "என்னப்பா முனகறீங்க" என்கிறாய், பாதியிலேயே உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டிப்பையன் மூன்று எட்டு வைத்து நடந்ததை வீடியோவில் காட்டினாயே, அன்று ராத்திரி அம்மாவிடம் தனியாகக் கேட்டாயாம்: "அப்பாவுக்கு என்மேல கோவமா? மூஞ்சியே கொடுக்கல." கண்ணு, அவன் தொப்பென்று உட்கார்ந்தபோது நான் நன்றாகச் சிரித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை என்று உங்கம்மா சொல்லித்தான் தெரியும். கண்ணாடி முன்னால் போய்ச் சிரித்துப் பார்த்தேன். ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருந்தது.

இதற்குப் பேர் பார்க்கின்சன். 1817லேயே இதைப் பற்றி எழுதிவைத்த லண்டன் டாக்டரின் பேராம். தமிழில் நடுக்குவாதம். கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டர் தை மாதமே சொல்லிவிட்டார். நீ கைக்குழந்தையோடு தனியாகக் கிடக்கிறாய் என்று நான்தான் உங்கம்மா வாயைக் கட்டினேன். அது தப்புத்தான்.

பெரிய மெஷினில் படுக்க வைப்பார் என்று பயந்து போனால், அவர் என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு தாளில் நாலு வரி எழுதச் சொன்னார். நடக்கையில் வலது கை வீசவே இல்லையாம். மூளைக்குள் டோபமின் என்று, கை கால் அசைவுக்கு வேண்டிய ஒரு ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் சாகின்றன, கை நடுங்கி வெளியே தெரிவதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும் என்றார். எனக்கு நம் கிணற்று மேட்டுத் தென்னைதான் நினைவுக்கு வந்தது. சிவப்புக் கூன்வண்டு விழுந்து, குருத்து சாய்ந்து நாம் கவனித்தபோது தண்டுக்குள் கூழாகிக் கிடந்ததே, அது. திரும்பும்போது பெருந்துறை வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால் நாலு வருசம் முன்னாலேயே வந்துவிட்டது. கரும்பாலை ஓட்டிய அன்று கொப்பரைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். சாளை வாசலில் இருந்து உங்கம்மா ஓடி வருகிறாள்: "ஏனுங்க, பாகு அடிப்பிடிக்கிற வாசம் அங்க வரைக்கும் அடிக்குது, பக்கத்துல நின்னுட்டு என்ன பண்றீங்க?" எனக்கு மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. சளி என்று விட்டுவிட்டோம். அந்தச் சர்க்கரை கறுத்துப்போய், கவுந்தப்பாடி ஏலத்தில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குத் தேறாமல் வந்த விலைக்குப் போனது. மோப்பம் போவது இந்த நோவில் பல வருசம் முந்தியே வருமாம். 

முப்பது வருசம் மூக்கில் துண்டுகூடக் கட்டாமல் மருந்தடித்தேனே, அதனாலா என்று கேட்டேன். பூச்சிமருந்துக்கும் களைக்கொல்லிக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன, ஆனால் உங்களுக்கு அதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. பழி போட ஒரு ஆள் கிடைத்திருந்தால் மனசு ஆறியிருக்குமோ என்னவோ. கிடைக்காததால் எல்லாம் உங்கம்மா மேல் விழுந்தது. சட்டைப் பட்டன் போட்டுவிட வந்தவளின் கையை ஒரு நாள் தட்டிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு நாள் கழித்துச் சட்டையை மாட்டினால் டக்கென்று ஒட்டுகிறது. வெளியே பழைய பட்டன் அப்படியே இருக்க, உள்ளே பிரஸ் பட்டன் தைத்திருக்கிறாள். ஆறு சட்டைக்கும். இன்றுவரை ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வைகாசியில் பங்காளி வீட்டுக் கல்யாணம். கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பந்தியில் ஒளிக்க முடியுமா? டம்ளர் தண்ணீர் இலையில் கொட்டிவிட்டது. பக்கத்து இலைக்காரர் சிரித்தபடி, "ஏனுங் மாமா, வெள்ளெனவே போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்றார். பீடிகூடக் குடிக்காதவன் நான். எழுந்து போயிருக்க வேண்டியது. ஏனோ, "இல்லீங் மாப்ள, எனக்கு நடுக்குவாதம்" என்று வாயில் வந்துவிட்டது. வீட்டுக்கு வெளியே அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாவம், பந்தி முடியும்வரை என் இலைக்கு எல்லாம் அவரே கேட்டு வாங்கிப் போட்டார். நான் வீடு வரும்போது துண்டு தோளில்தான் கிடந்தது.

இது தீராது, மாத்திரையில் ஓட்டலாம். லெவோடோபா, மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பருப்பு, முட்டையோடு சேர்ந்தால் சரியாக ஏறாது. ஏறினால் மண்வெட்டி பிடிக்கிறேன், வேளை தவறினால் கட்டை. பெரியப்பா பூனைக்காலி விதைப்பொடி கொண்டு வந்தார். வேலியில் படர்ந்திருக்கும், சின்னப்பிள்ளையில் நீ தொட்டுவிட்டு அரிப்பெடுத்து அழுதாயே, அதேதான். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த விதையில் இதே லெவோடோபா இருக்கிறதாம்! ஆனால் பொடியில் எவ்வளவு என்று கணக்கில்லை, மாத்திரையோடு சேர்க்க வேண்டாம் என்றார். ஒரே வயலுக்கு ரெண்டு மடை திறந்த கதை என்று புரிந்துகொண்டேன். பொடி அலமாரியில் இருக்கிறது. பெரியப்பா கேட்டால் சாப்பிடுகிறேன் என்கிறேன், நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

மனசு ஒத்துக்கொண்டதா என்று கேட்பாய். சில நாள் ஆமாம். சில நாள் விடியக்காலையில் முழிப்பு வந்ததும் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்புறம் கை ஆட ஆரம்பிக்கும்.

குரலுக்கும் பயிற்சி உண்டு. "ஆ" என்று உரக்கக் கத்த வேண்டும். ஆகஸ்ட் 15க்குக் கீழ்பவானியில் தண்ணீர் விட்டதிலிருந்து வாய்க்கால் மேட்டில் நின்று கத்துகிறேன். முதல் நாள் நாய் ஓடி வந்தது. ரெண்டாம் நாள் மேற்குத் தோட்டத்துக்காரர், பாம்போ என்னவோ என்று தடியோடு வந்தார்.

ஞாயிறு கூப்பிடு. நம்ம ஊர் நேரம் பத்து மணிக்கு, மாத்திரை ஏறியிருக்கும். அவன் நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தால் இடது கைக் கட்டைவிரலைத் தூக்குகிறேன். இறக்காமல் இருந்தால், அப்பிச்சி இன்னும் சிரிக்கிறார் என்று அவனிடம் சொல்.

அப்பா