பின்வளவுத் தோட்ட வேலை: ஞாயிறு காலை 7 மணி

அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்பின் பின்வளவில் யாரும் வாகனம் விடாத அந்த மூலையைத் தோட்டமாக்க நிர்வாகக் குழு சம்மதித்துவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் வெறும் மண்ணைக் காண்பதே அரிதாகிவிட்ட காலத்தில் இது பெரிய விஷயம்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அங்கே இருப்பது ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் இன்டர்லொக் கல். உடைக்கத் தேவையில்லை, அலவாங்கால் முதல் கல்லை நெம்பினால் மற்றவை கையோடு வரும். அதே கற்களைப் பாத்திக்கு வரம்பாக அடுக்கலாம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 'டீபேவ்' அமைப்பினர் 2008 முதல் தொண்டர்களை வைத்தே தார்த் தரையைப் பெயர்த்து வருகிறார்கள்.

கஷ்டம் கல்லில் இல்லை, அடியில்தான். மணலையும் சல்லியையும் முழுதாக அள்ள வேண்டும். இறுகிப்போன மண்ணை ஓர் அடி ஆழத்துக்குக் கிளறி, கொம்போஸ்டும் தும்புத்தூளும் கலக்க வேண்டும். சீமெந்துத் துண்டுகளைக் கட்டாயம் பொறுக்குங்கள். அவை மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். தண்ணீர்க் குழாய் போகும் பாதையைக் குறிக்கும்வரை யாரும் தோண்ட வேண்டாம்.

முதலில் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் கீரைகளை நடலாம். மதிலோரம் ஒரு கறிவேப்பிலை. ஒக்டோபர் மழைக்கு முன் வேர் பிடித்துவிட்டால் நல்லது.

சிரட்டை, உடைந்த சாடி எதையும் அங்கே போட வேண்டாம். தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வரும், அதோடு தோட்டத்துக்கான அனுமதியும் போய்விடும்.

மண்வெட்டி, அலவாங்கு, வெற்று உரப்பை இருப்பவர்கள் சனி இரவுக்குள் இங்கேயே அறியத்தாருங்கள்.