சுவரொட்டியில் கறுப்புக் கண்ணாடி

மதுரை,
ஆடி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியை உன் அம்மா சொன்னார்கள். சேனை தொட்டு வைத்தது நீதானாமே! உன் குணம் பிள்ளைக்கு வந்துவிடப் போகிறதே என்று எங்கள் வீட்டில் கவலைப்படுகிறார்கள். திருப்பூருக்குத் திரும்பிவிட்டாயா, இன்னும் ஊரில்தான் இருக்கிறாயா என்று தெரியவில்லை. கம்பெனி முகவரிக்கே அனுப்புகிறேன்.

போன வாரம் போனில் கேட்டாயே, "நாலு மாதமாகப் பேஸ்புக்கில் ஒரு வரிகூட எழுதவில்லையே, யாராவது மிரட்டினார்களா?" என்று. அப்போது வாடிப்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஆரப்பாளையம் வரும்வரை எதையோ சொல்லிச் சமாளித்தேன். பதில் நீளமானது, பஸ்ஸில் நின்றபடி சொல்லக்கூடியதும் இல்லை. அதனால்தான் காகிதம்.

மிரட்டலெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த வகைப் பயம் நமக்கு முந்தியவர்களுக்கு இருந்திருக்கிறது. 2012-ல் மும்பைக்கு அருகே பால்கரில் ஒரு பெண் பேஸ்புக்கில் எழுதியதற்காகவும், இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டதற்காகவும் கைதானார்கள். அந்தக் கைதுக்கு இடம்கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது, லைக் போட்டதற்கா கைது என்று பின்வரிசை சிரித்தது. எனக்கு வேறொன்று தோன்றியது. அன்றைக்கு ஒரு லைக்குக்கு அவ்வளவு கனம் இருந்திருக்கிறதே! நான் காலையில் பல் துலக்கும் நேரத்துக்குள் நாற்பது போட்டுவிடுகிறேன்.

நான் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் அப்பத்தா. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே வர முடியும், பொறுத்துக்கொள்.

2017 ஜனவரி உனக்கு நினைவிருக்கும். நாம் எட்டாம் வகுப்பு. அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் ஜியோ வந்திருந்தது. இலவச டேட்டா என்றதும் உன் அண்ணன் புதுச் செல்போனை வேட்டி மடிப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து அலங்காநல்லூருக்கு வாருங்கள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. யார் எழுதியது என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் போனோம். அப்பத்தா புளியோதரை கட்டிக்கொடுத்தது, "மாட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள், சாப்பிட்டுவிட்டு மாட்டிடம் போகாதீர்கள்" என்று சொல்லி அனுப்பியது. அங்கே மாடு இல்லை, மனிதர்கள்தான் இருந்தார்கள். மேடை இல்லை, கொடி இல்லை. ஊர் ஊராக ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். ஜனவரி 23-ல் சட்டசபையில் மசோதா நிறைவேறியபோது, அதை நாம் இருவரும்தான் நிறைவேற்றினோம் என்பதுபோலப் பள்ளிக்கூடத்தில் நடந்துகொண்டோம். ஒரு வரி எழுதினால் ஊர் எழுந்து வரும் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் பிடித்தது. அது பாதி உண்மை என்று இப்போது தெரிகிறது. மறுவருடமே, 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அதே வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். சாமி கும்பிட வந்தவர். அவரைச் சுற்றியும் ஊர்தான் எழுந்து வந்தது. இரண்டு மாதம் கழித்து, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் மாற்றியது.

கொரோனா ஊரடங்கில் நான் எழுதத் தொடங்கினேன், உனக்குத் தெரியும். நீதான் முதல் வாசகன், பல நாள் ஒரே வாசகனும் நீதான். அப்பத்தா மல்லிகை கட்டுவதைப் பற்றி எழுதியதை மறந்திருக்க மாட்டாய். விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பது, சந்தை அடைத்துக் கிடந்த நாட்களில் பறித்த பூவை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுச் சாமி படங்களுக்கெல்லாம் முழம் முழமாகச் சாத்தியது. "சாமிக்கே மூச்சு முட்டும், எடுத்துப் போடு" என்று தாத்தா சொன்னதையும் எழுதியிருந்தேன். அதற்கு இருநூறு லைக் வந்தது. நான் மூன்று நாள் தரையில் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொன்னதில்லை, வெட்கம். எட்டு மாதம் கழித்து அதே எழுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துசேர்ந்தது, சிவகாசி மாமா வழியாக. என் பெயர் போயிருந்தது. எழுத்திலிருந்து தாத்தாவும் போய்விட்டார். கடைசியில் 'பெற்றோரைப் போற்றுவோம்' என்று ஒரு வரி முளைத்திருந்தது, இரு பக்கமும் ரோஜாப் படம். அத்தை அதைப் படித்து அழுதுவிட்டு எனக்குப் போன் செய்தது. "யாரோ ஒரு பிள்ளை எப்படி எழுதியிருக்கிறது பார், நீயும்தான் தமிழ் படிக்கப் போகிறேன் என்கிறாய்." நான் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருக்காது என்பது ஒன்று, தாத்தா இல்லாத அந்த எழுத்தை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை என்பது இன்னொன்று.

பெயர் போனது ரொம்ப நாள் வலித்தது. அப்புறம் ஒருநாள் என்னையே பிடித்துக்கொண்டேன். பாடத்துக்காக மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளைத்தான் தினமும் புரட்டுகிறேன். நம் ஊர்ப் பெயரில், 1998 பொங்கல் நாளில் தொடங்கியது அது. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் தமிழர்கள் ஒரு காசு வாங்காமல் சங்கப் பாட்டையும் தலபுராணத்தையும் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கும். இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுத்தான் பாட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு பெயரும் எனக்குத் தெரியாது. சிவகாசி மாமாவை நான் திட்டுவது எப்படி?

உன் பக்கத்துத் தெருக் கரகாட்ட அண்ணனை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 2020 ஜூன் 29 இரவு டிக்டாக்கைத் தடைசெய்தார்களே, திருவிழா எல்லாம் நின்றுபோன அந்த வருடத்தில் அவருக்கு இருந்த ஒரே மேடை அது. மறுநாள் காலை டீக்கடையில், கூட்டம் கலைந்த திடலைப் பார்ப்பதுபோலச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. அவர் போகவில்லை. "ஊர் விட்டு ஊர் போய் ஆடலாம், தினம் ஒரு ஊராக முளைத்தால் எத்தனைக்குப் போவது?" என்றார். நான் போனேன். போன இடத்தில் எழுத்துக்கு மரியாதை இல்லை. முன்பு நண்பர்கள் என்ன போட்டார்கள் என்று பார்க்கத்தான் செல்போனைத் திறந்தோம். இப்போது திறந்தால் முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள், முதல் மூன்று நொடிக்குள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நானும் இழுக்கக் கற்றுக்கொண்டேன். முதல் வரியில் சாவு, பிரிவு, பசி ஏதாவது ஒன்று இருந்தால் ஆள் நிற்கும் என்று தெரிந்துகொண்டேன்.

பங்குனியில் அப்பத்தா போனது. நீ ராத்திரியோடு ராத்திரியாக வந்து நின்றாய். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நீ இருந்தாய், உன் தோள் குலுங்கியது. என் மனசில் அப்போது என்ன ஓடியது தெரியுமா? 'பூக்கட்டிய விரல்கள் இன்று பூவுக்குள் கிடக்கின்றன' என்ற வரி. விரல்களா கைகளா, எது நன்றாக இருக்கும் என்றுகூட யோசித்தேன். அரிசி கையில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, வரிதான் வந்தது.

அதை நான் எங்கும் போடவில்லை. அன்றிலிருந்து எதையுமே போடவில்லை. நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

சித்தப்பா அச்சடித்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்திருப்பாய். பேரன் பேத்தி பதினேழு பேர் படமும் வேண்டும் என்று அடம்பிடித்து, என் படத்தை என் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டு கொடைக்கானலில் எடுத்தது. அப்பத்தா நடுவில் கும்பிட்டபடி இருக்க, நான் மூலையில் இளித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் பேஸ்புக் வருவதற்கு முன்பே சுவர் இருந்தது. காதுகுத்து, கல்யாணம், கட்சி, கருமாதி, எல்லாம் அதில்தான். இன்று ஒட்டியதன்மேல் நாளை இன்னொருவர் ஒட்டுவார், பசை வாசனைக்கு மாடு வந்து பாதியைத் தின்னும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

போன மாதம் துறையிலிருந்து அழகர்மலைக்குக் கூட்டிப்போனார்கள், கிடாரிப்பட்டி வழியாக. குகையின் நெற்றியில் தமிழி எழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆனது. சமணத் துறவிகளுக்குக் கல்படுக்கை செய்துகொடுத்தவர்களின் பெயர்கள் அவை. உப்பு விற்றவன், கலப்பைக் கொழு விற்றவன், மதுரைப் பொற்கொல்லன் என்று எல்லாம் சாதாரண ஆட்கள். பேராசிரியர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து எழும்பி வருகிறது. "அவனுக்கும் விளம்பர ஆசைதான்" என்றான் கூட வந்த ஒருவன். இருக்கலாம். ஆனால் அவன் படுக்கையைச் செய்துகொடுத்துவிட்டுப் பெயரை வெட்டினான். நான் அழுவதற்கு முன்னால் எழுதத் தொடங்கியிருந்தேன். இதைக் கூட வந்தவனிடம் சொல்லவில்லை. கீழே இறங்கும்போது கால் வழுக்கி விழுந்து முழங்கை பெயர்ந்தது, இப்போது ஆறிவிட்டது.

எழுதுவதை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். அப்பத்தா சொன்ன சொற்கள், பூ எண்ணும் முறை, யாரிடம் எவ்வளவு கடன், எந்தச் சண்டையில் யாரோடு பேச்சு நின்றது, இப்படி. நல்ல வரி ஏதாவது வந்தால் அடித்துவிடுகிறேன். படித்தால் உனக்கே சலிக்கும். நோட்டு நிறைந்தால் பிறகு அதை என்ன செய்வேனோ, யார் கண்டது, மறுபடியும் பேஸ்புக்கில் போட்டாலும் போடுவேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு செமஸ்டர் தேர்வு கார்த்திகையில். தீபாவளிக்கு எத்தனை நாள் விடுப்பு என்று எழுது.

இன்னொன்று. அலங்காநல்லூருக்குப் போன அன்று காலை, தூக்குவாளியைக் கையில் கொடுத்துக்கொண்டு அப்பத்தா நிற்பதை உன் அண்ணன் படம் எடுத்தார். அது அவருடைய பழைய செல்போனில் இருக்கும், அந்த மெமரி கார்டைத் தேடச் சொல். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் ஆதார் படமும் சுவரொட்டிப் படமும்தான், இரண்டிலும் அப்பத்தா யாரோபோல இருக்கிறது. கிடைத்தால் உடனே அனுப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரிதான்.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை