புயல் பாதுகாப்பு மையத்துக்கு பேட்டரியுடன் சோலார் கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கிராமப் பொதுமக்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர்,
தென்பெண்ணைக் கரையோரக் கிராமம்,
கடலூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: எங்கள் ஊர் புயல் பாதுகாப்பு மையத்தில், கரண்ட் இல்லாத நேரத்திலும் ஓடும் சோலார் அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் ஊரில் கரண்ட் போனது. அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து வீடுகளுக்குள் ஏறியதும், குழந்தை குட்டிகளோடு பாதுகாப்பு மையத்துக்குப் போனோம். கட்டிடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கல்லு மாதிரி நின்றது. ஆனால் உள்ளே கும்மிருட்டு. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. வாங்கி வர ரோடும் இல்லை. மேல்தொட்டி காலியானதும் மோட்டார் போட வழியில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி பால் பவுடர் கட்டி தட்டாமல் கரைந்ததா என்று இருட்டில் விரலால் தடவிப் பார்த்தாள். விடிவதற்குள் எல்லார் போனும் அணைந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒருவர் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மொட்டை மாடியில் 3 கிலோவாட் பேனல் போட்டு 78,000 ரூபாய் மானியம் வாங்கியவர். தண்ணீர் வடிந்து வெயில் அடித்த அன்று, சார்ஜரைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் அவர் வீட்டு மாடி ஏறினோம். பேனல் பளபளவென்று இருக்கிறது, இன்வெர்ட்டர் மட்டும் பேச்சு மூச்சில்லை. லைனில் கரண்ட் இருந்தால்தான் அது ஓடுமாம். லைன் செத்ததும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் வயர்மேனுக்கு ஷாக் அடித்துவிடும் என்று பிறகுதான் விளங்கியது. நியாயம்தான், அவரும் நம் ஊர்ப் பிள்ளை. ஆனால் இந்த மாவட்டத்தில் சோலார் என்று சொன்னால், புயலுக்கு மறுநாள் எரிகிற விளக்கைத்தான் சனங்கள் நினைக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் சிம்னி விளக்கில் இருந்தவர்கள் நாங்கள்.

ஆகவே மையத்தின் மாடியில் 5 கிலோவாட் பேனல், கரண்ட் போனால் லைனைத் துண்டித்துக்கொண்டு பேட்டரியில் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 10 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி கேட்கிறோம். 20 எல்.இ.டி. டியூப் லைட் பத்து மணி நேரம் எரிய 4 யூனிட், தண்ணீர் மோட்டாருக்கு ஒரு யூனிட், நூறு போன் சார்ஜுக்கு 2 யூனிட். ஒரு ராத்திரி தாராளமாகத் தாங்கும். புயலன்று வெயில் இருக்காது என்பது தெரியும். அதனால்தான் பேட்டரியை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும் என்கிறோம். மற்ற நாட்களில் 5 கிலோவாட் பேனல் தினமும் தரும் சுமார் 20 யூனிட்டை, கொடுத்ததையும் எடுத்ததையும் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டர் வழியாக மின் வாரியத்துக்கே கொடுத்தால் ஊராட்சியின் பில்லும் குறையும்.

இரண்டு விஷயத்தைத் தயவுசெய்து எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பேட்டரியும் இன்வெர்ட்டரும் மேல்தளத்தில் இருக்க வேண்டும், கீழே வெள்ளம் ஏறும். பேனல் தாங்கும் சட்டம் துத்தநாகப் பூச்சுள்ளதாக, புயல் காற்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் சாதா இரும்பு இரண்டு மழைக்குத் தாங்காது.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் எங்கள் ஊருக்கும் சோலார் லைட் வந்தது. பேட்டரி போனதும் மாற்ற ஆளில்லை, கடைசியில் பேனல் மேல் மிளகாய் காய்ந்தது. இந்த முறை ஐந்தாண்டு பராமரிப்பு ஒப்பந்தம் சேர்த்தே கொடுங்கள். பேனல் கழுவுவது, பேட்டரி அளவை நோட்டில் எழுதி வைப்பது எங்கள் குழுவின் பொறுப்பு.

போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கும் மாதிரி சோலார் கிராமத்துக்கு, மாவட்டத்துக்கு ஒன்று வீதம் 1 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 5,000 பேருக்கு மேல் உள்ள ஊர்தான் அந்தப் போட்டிக்கு வரலாம். எங்கள் ஊர் அதில் பாதிகூட வராது. எனவே பேரிடர் நிதியோ தொகுதி மேம்பாட்டு நிதியோ, எதிலிருந்து என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்.

அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் பொறியாளர் ஒருவரை அனுப்பி மாடியைப் பார்க்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். மையத்தின் சாவி எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது; வரும் நாளைச் சொன்னால் திறந்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
கிராமப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)