நோஸ் ஹில் பாறையின் மேல் ஏறாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணப் பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கல்கரியில் பல வருடங்களாக இருப்பவள் என்பதால், எங்கள் ஊரைப் பற்றி நம்மவர்கள் எழுதினால் ஒரு வரி விடமாட்டேன். ஆனால் நோஸ் ஹில் பூங்காவை, நகரத்தை மேலிருந்து பார்க்க நல்ல இடம் என்ற அளவில் முடித்துவிட்டு, பக்கத்தில் பிள்ளைகள் ஒரு பாறை மேல் ஏறி நின்று கையசைக்கும் படத்தைப் போட்டிருந்தீர்கள். அது மனதை உறுத்திவிட்டது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அது என்ன பாறை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, கட்டுரையும் சொல்லவில்லை.

காட்டெருமைகள் (பைசன்) உடம்பைத் தேய்த்துக்கொண்ட பாறை அது. பனியுகத்தில் பனியாறு எங்கிருந்தோ சுமந்து வந்து இந்த மேட்டில் போட்டுவிட்டுப் போனது. பிரெய்ரி புல்வெளியில் மரங்கள் அரிது. இளவேனில் பிறந்ததும் குளிர்கால மயிர் கற்றை கற்றையாக உதிரத் தொடங்கும், அரிப்புத் தாங்காது, பூச்சித் தொல்லை வேறு. ஒரு டன்னை நெருங்கும் எடையுள்ள காளை எங்கே போய் உரசும்? இப்படித் தனியாகக் கிடக்கும் பாறைகளைத் தேடித்தான் மந்தை மந்தையாக வந்தன.

அடுத்த முறை போகிறவர்கள் பாறையின் மூலைகளைக் கிட்ட நின்று பாருங்கள். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாக, கற்பாசி படிந்து கிடக்கும். காட்டெருமையின் விலாவும் தோளும் படுகிற உயரத்தில் மட்டும் விளிம்புகள் மழுங்கி, வழுவழுவென்று, சாய்வெயிலில் மினுங்கும். எண்ணெய்ப்பசையுள்ள தோலும் புழுதியும் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக ஏற்றிய மெருகு. இந்த மாதிரிப் பாறைகளைச் சுற்றித் தரை பள்ளமாகத் தேய்ந்திருப்பதும் உண்டு. அது குளம்புகளின் வேலை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு ஆவுரோஞ்சிக் கல் புதிதல்ல. கேணியும் சுமைதாங்கியும் இருக்கிற தெருவோரத்தில், மாடு உரசிக்கொள்ள ஒரு கல்லை நட்டுவைப்பதை நம் முன்னோர் அறமாக நினைத்தார்கள். இங்கே யாரும் கல் நடவில்லை. மிருகங்களே தேடிக்கொண்டன. அந்த மிருகங்களைத்தான் மனிதர்கள் ஒழித்துவிட்டார்கள். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் திரிந்தவை, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. தோலுக்கு விலை இருந்தது. தொழிற்சாலை இயந்திரங்களின் பட்டைகளுக்குக்கூட அந்தத் தோல் போனது. 1877இல் இந்த மண்ணின் பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்கள் அரசோடு 7ஆம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் கனடாப் பக்கத்துப் புல்வெளியில் காட்டெருமையே இல்லாத நிலை. அவர்களுக்கு உணவு, உடை, கூடாரம் எல்லாம் அதுதான். பட்டினி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், அந்த மெருகு ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். மணல் ஒட்டிய சப்பாத்தோடு ஏறி இறங்கினால் தேயும், பெயர் கிறுக்கினால் போயே போய்விடும். பாறைதானே, அதற்கு என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். படுத்திருக்கும் காட்டெருமை போன்ற தோற்றத்தில், 400 டன் எடையில் மிஸ்டசீனி என்றொரு பாறை இருந்தது. கிரீ என்ற பூர்வகுடி மக்களுக்குப் புனிதமானது. அணை கட்டி ஏரி உருவாக்கியபோது 1966இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று நீருக்கடியில் கொஞ்சமும் நினைவுச்சின்னங்களில் கொஞ்சமுமாகச் சிதறிக் கிடக்கிறது.

நோஸ் ஹில்லுக்கும் ஆபத்து வந்தது. 1970களில் அங்கே வீடுகள் கட்டத் திட்டமிட்டபோது ஊர் மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். அவர்கள் போராடியதால்தான் 1980இல் அது பூங்காவாகி, இன்று 11 சதுர கிலோமீட்டர் புல்வெளி நகரத்தின் நடுவே தப்பி நிற்கிறது. பிளாக்ஃபுட் மக்கள் கூடாரம் அடித்த கல் வட்டங்களும் அங்கே இருக்கின்றன. அவற்றின் கற்களையும் நகர்த்தக்கூடாது.

நம் பிள்ளைகளுக்கு உயிரோடு காட்டெருமை காட்ட ஆசைப்படுகிறவர்கள் எட்மன்டன் அருகே எல்க் ஐலண்ட் பூங்காவுக்குப் போகலாம். அங்கிருந்து 16 மாடுகளை 2017இல் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த மந்தை இப்போது நூற்றைத் தாண்டிவிட்டது. நல்ல செய்தி. ஆனால் நோஸ் ஹில்லுக்கு அவை திரும்பி வரப்போவதில்லை, சுற்றிலும் நெடுஞ்சாலையும் வீடுகளும்தான்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் இந்தப் பாறையைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். ஏறாதீர்கள், கிறுக்காதீர்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள் என்று அதில் தெளிவாகச் சொல்லுங்கள். படத்தையும் மாற்றினால் நல்லது. மழுங்கிய விளிம்பு தெரிகிற மாதிரி நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. கேட்டால் உடனே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, கல்கரி