மூன்றே ஆண்டு ஓடிய படகு: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ‘அரேபியா’ என்ற நீராவிப் படகு 1853இல் கட்டப்பட்டு 1856இலேயே மூழ்கிப்போனது என்று நான் சொன்னபோது, ஓட்டியவர்களுக்குத் தொழில் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். தலைமுறைக் கணக்கில் உழைத்த ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அமெரிக்காவின் மிசூரி ஆற்றில் அன்று ஐந்தாண்டைத் தாண்டிய படகே ஆயுள் கெட்டியான படகு. நீடித்து உழைக்க வேண்டும் என்று அவற்றை யாரும் கட்டவில்லை.

மணல்திட்டுகள் நாளுக்கு நாள் இடம் மாறும் அந்த ஆற்றில் கனமான படகு போகவே முடியாது என்பதால், தட்டையான அடியும் மெல்லிய பலகைகளுமாகக் கட்டி, நடுவில் தொய்ந்துவிடாதபடி இரும்புக் கம்பிகளால் இழுத்துப் பிடித்திருந்தார்கள். சரக்குக் கூலி நன்றாகக் கிடைத்தால் சில பயணங்களிலேயே போட்ட முதல் திரும்பிவிடும். பிறகு ஓடிய வரைக்கும் லாபம். முதலாளிகளின் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது, ஆனால் அதில் படகில் வேலை செய்தவர்களின் உயிருக்கு என்ன விலை வைத்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

உங்களுக்குப் பிடித்த கொதிகலனுக்கு வருகிறேன். அதற்குத் தண்ணீர் அந்தக் கலங்கிய ஆற்றிலிருந்தேதான். கொதிகலனுக்குள் நெருப்புக்கு நேர்மேலே சேறு படிந்து இறுகினால் அந்த இடத்தில் இரும்பு பழுத்துப் பலமிழக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் படகு கரையில் நிற்கும் வேளையில் நெருப்பை அணைத்துவிட்டு, ஒல்லியான உதவியாளர் ஒருவர் ஆள் நுழையும் துளை வழியே ஊர்ந்துபோய், உள்ளே படுத்தபடி சேற்றைச் சுரண்டி எடுப்பார். பழைய படகுகளில் இன்னொரு வினையும் இருந்தது: கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்பு, படகின் துடுப்புச் சக்கரத்தை ஓட்டும் எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருந்ததால், படகு நின்றால் பம்பும் நின்றுவிடும், நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். தனியாக இயங்கும் நீராவிப் பம்பு வந்த பிறகே அந்தக் கவலை குறைந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘டாக்டர்’!

விறகுச் செலவைக் கேட்டால் மலைப்பீர்கள். நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளம் கொண்ட அடுக்குகளாக, அரேபியா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 அடுக்கு விறகு எரித்தது என்கிறார்கள். அத்தனையையும் கரையிலிருந்து பலகைமேல் நடந்து தோளில் சுமந்து ஏற்ற வேண்டும். அக்காலப் படகுகளில் இந்தச் சுமையைத் தூக்கியவர்கள் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் கறுப்பின மக்களும். அடிமைகளாக வாடகைக்கு விடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

அரேபியாவைக் கொன்றது கொதிகலன் அல்ல, ஒரு வால்நட் (அக்ரூட்) மரம். கரை அரித்து விழும் மரங்களின் வேர்ப்பகுதி ஆற்றடியில் புதைந்துகொள்ள, முனை நீரோட்டத்தின் திசையில் சாய்ந்து, எதிர்த்து வரும் படகைக் குத்தக் காத்திருக்கும். 1856 செப்டம்பர் 5 அன்று பார்க்வில் ஊருக்கு அருகே அப்படி ஒரு மரம் அடிப்பலகையைக் கிழித்தது. மனிதர் அனைவரும் பிழைத்தனர். இறந்தது ஒரு கோவேறு கழுதை மட்டுமே. அவிழ்த்துவிட முயன்றும் அது நகரவில்லை என்று உரிமையாளர் சொன்னாராம். பின்னாளில் கிடைத்த எலும்புக்கூடோ கட்டிப்போட்டபடியே இருந்தது.

ஆறு பிறகு தடம் மாறிவிட்டதால், 1988இல் படகைத் தோண்டியபோது அது கரையிலிருந்து அரை மைல் தள்ளி, ஒரு வயலுக்குக் கீழே 45 அடி ஆழத்தில் கிடந்தது. சரக்கில் ஆயிரக்கணக்கான காலணிகள். தோல் அப்படியே இருக்க, தைத்த பருத்தி நூல் மட்டும் கரைந்துபோயிருந்தது. கொதிகலன்களும் எஞ்சினும் இப்போது கான்சாஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொதுவாக மூழ்கிய படகின் எஞ்சினை முடிந்தால் மீட்டு அடுத்த படகில் பொருத்திவிடுவார்கள். ஒரே எஞ்சின் இரண்டு மூன்று படகுகளைப் பார்த்துவிடும். இதற்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சேற்றுத் தண்ணீரில் ஓடும் கொதிகலனை நீங்களாக இருந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்லியிருப்பீர்கள்? பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்