தன்பதிவேட்டில் உன் கையெழுத்து

அன்புள்ள நண்பனுக்கு,

உன் மகளின் திருமணத்துக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாதது என் தவறு, பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். சென்ற வாரம் பதிவறையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஓய்வூதியக் கருத்துரு தயாரிக்கும்போதுதான் அவரைப் பணியில் முறைப்படுத்திய பணிவரன்முறை ஆணை இல்லை என்று தெரிந்தது. பணிப்பதிவேட்டில் பதிவு இருக்கிறது, கீழே ஒப்பம் இல்லை. அந்த ஆணை இருந்த, 1994இல் முடிந்த கோப்பை யாரோ ‘கே.டிஸ்.’, அதாவது மூன்றாண்டு வைத்து அழிக்கும் முடிவு வகை, என்று முடித்திருக்கிறார்கள். மூன்றாண்டு கடந்ததும் 1998இல் மற்றக் கட்டுகளோடு அழித்தும் விட்டார்கள். ஒருவருடைய ஆயுட்கால உழைப்புக்கு ஆதாரமான தாள், ‘ஆர்.டிஸ்.’ என்று எழுதியிருந்தால் நிரந்தரமாக இருந்திருக்கும். ஓர் எழுத்துதான் வேறுபாடு.

ஒவ்வொரு கோப்பும் வந்து முடிந்த விவரத்தை வரிவரியாக எழுதிவைத்த பழைய தன்பதிவேடுகளை மூன்று நாள் புரட்டினேன். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது, எடுத்தால் அட்டை தனியே கையோடு வந்தது. அந்தக் கோப்பின் வரிக்கு நேரே கடைசிக் கலத்தில், பென்சிலில், பொடி எழுத்தில், ‘ஆணை நகல் முதுநிலைப் பட்டியல் கோப்பில்’ என்றிருந்தது. வால் நீண்ட அந்த ‘ல்’ உன்னுடையதல்லாமல் வேறு யாருடையது! நம் பிரிவுப் பெரியவர்கூட, ‘பஞ்சாங்கமா எழுதுகிறாய்?’ என்று உன்னைக் கேட்பாரே. அந்தக் கோப்பு நிரந்தரக் கட்டில் பத்திரமாக இருந்தது. முத்திரையிட்ட நகலைக் கையில் வாங்கிய அந்த மனிதர் வெகுநேரம் பேசவே இல்லை.

இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறோம். நல்ல வேலைதான், நானும் அது வேண்டும் என்றுதான் கேட்டேன். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் இயந்திரம் கொடுத்த வரிசை எண்ணையே பெயராக விட்டுவிட்டார்கள், அலுவலகம் கோப்புக்கு இட்ட ந.க. எண்ணோ பொருளோ முடிவின் வகையோ எதுவும் ஏறவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 4இல், ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்றுதான் முதலில் சொல்கிறது. அட்டவணை இல்லாத ஆயிரம் படங்களுக்குள் ஓர் ஆணையைத் தேடுவது, பூட்டிய பதிவறைக்குள் இருட்டில் தேடுவதைவிடக் கடினம். இதற்கிடையே, ஸ்கேன் ஆனதும் மூலத்தாள்களைக் கழித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. முடிவின் வகையை ஒருமுறை சரிபார்க்காமல் ஒரு கட்டையும் வெளியே விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்ததும் இரண்டு நாள் வந்து போ. புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர்கள் நால்வர் இருக்கிறார்கள். ஒரு கோப்பை எப்படிப் படித்து முடிக்க வேண்டும் என்பதை நீ உட்கார்ந்து காட்ட வேண்டும். பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பிரிவுத் தோழன்